முதல் டிராக்டர் பார்க்கப் போனால் நேரே பின்பக்கம் போங்கள்

பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் செய்கிற முதல் காரியம், பானெட்டைத் தட்டிப் பார்ப்பது. பெயின்ட் எப்படி இருக்கிறது, டயரில் பூ எவ்வளவு மிச்சம், ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறதா, புகை கறுப்பா வெள்ளையா. இதெல்லாம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் பின்னால் போய்க் குந்தி உட்காருவேன். இரண்டு பின்சக்கரத்துக்கும் நடுவில், கீழே, எண்ணெயும் சேறும் அப்பிக் குட்டையாக ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் பி.டி.ஓ, அதாவது பவர் டேக் ஆஃப். சேற்றைக் கிளறும் ரொட்டவேட்டர், கதிரடிக்கும் மெஷின், தண்ணீர் பம்பு, புல் வெட்டும் ஸ்லாஷர் எல்லாவற்றுக்கும் எஞ்சின் பலம் போய்ச் சேருவது அந்தத் தண்டு வழியாகத்தான். வண்டி சம்பாதிக்கிற காசில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது.

நான் இருப்பது பர்மாவில், மௌலமைனுக்குத் தெற்கே, முடோன் போகிற பக்கம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் ரப்பர் தோட்டம். எங்கள் தாத்தா காலத்தில் மாடு, அப்பா காலத்துக் கடைசியில் தொலாஜி என்கிற கைடிராக்டர். 2008 நர்கிஸ் புயலில் ஐராவதி டெல்டாவில் எருமையும் மாடும் ஏராளமாகச் செத்துப்போக, அங்கே பலர் கைடிராக்டருக்கு மாறினார்கள். இப்போது அதிலிருந்து நாலு சக்கரத்துக்கு ஏறுகிற காலம். நம் ஆட்கள் வந்து கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, எத்தனை குதிரைச் சக்தி வாங்கலாம்?" அதை அப்புறம் பார்ப்போம். முதல் கேள்வி இது: கிளட்சை மிதித்தால் பின்னால் சுற்றுவதும் சேர்ந்து நிற்குமா, நிற்காதா? பி.டி.ஓ வகை என்று பேசுவதெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு கௌரவமானது இல்லை. என் முதல் வண்டி இருபது சொச்சம் குதிரைச் சக்தியில் ஒரு பழைய ஜப்பான் வண்டி. ஒற்றைக் கிளட்ச். அதில் ஸ்லாஷரை மாட்டிக்கொண்டு ரப்பர் வரிசைகளுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்தேன். வரிசை முடிவில் ஓடை. கிளட்சை முழுக்க மிதித்தேன். எஞ்சின் சத்தம் லேசானது, வண்டி நிற்கவில்லை. பிரேக்கும் மிதித்தேன். பழைய பிரேக், பிடிக்கவில்லை. யாரோ பின்னால் நின்று தள்ளுகிற மாதிரி வண்டி போய்க்கொண்டே இருந்தது. இரண்டு மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணத்தை உடைத்து, முன்சக்கரம் ஓடைக்குள் இறங்கிய பிறகுதான் நின்றது.

தள்ளியது ஸ்லாஷர்தான். அதன் கனமான கத்தி வேகம் பிடித்துவிட்டால் உடனே நிற்காது. கிளட்ச் எஞ்சினைத்தான் பிரித்தது. கத்தியும் கியர்பாக்ஸும் பின்சக்கரமும் ஒன்றோடொன்று கோத்தபடியே இருந்தன. சுற்றிக்கொண்டிருந்த கத்தி பி.டி.ஓ தண்டைத் திருப்பியது, தண்டு கியரைத் திருப்பியது, கியர் சக்கரத்தைத் திருப்பியது. விற்றவர் இதைச் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தெரியவில்லை.

முதலில் ஒரு தாள் எடுங்கள்

அடுத்த மூன்று வருஷத்தில் வண்டிக்குப் பின்னால் எதையெல்லாம் மாட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஆசைப்படுவதை வேண்டாம், நிஜமாக மாட்டப் போவதை எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் நேராக இரண்டு கேள்வி. வண்டி நகரும்போது இது சுற்ற வேண்டுமா, நின்ற இடத்திலேயே சுற்றினால் போதுமா? உள்ளே கனமான சக்கரமோ கத்தியோ இருந்து, விட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருக்குமா?

தண்ணீர் பம்பும் உளுந்து அடிக்கிற மெஷினும் வண்டி நின்ற இடத்திலேயே ஓடுகிறவை. அதற்கு எந்த வகை பி.டி.ஓ ஆனாலும் போதும். கலப்பைக்கும் கல்டிவேட்டருக்கும் டிரெய்லருக்கும் பி.டி.ஓவே வேண்டாம். ரொட்டவேட்டர் நகரும்போது சுற்ற வேண்டும், நிற்கும்போதும் சில சமயம் சுற்ற வேண்டும். ஸ்லாஷர் விட்ட பிறகும் சுற்றும். வைக்கோல் கட்டுகிற பேலரில் இரண்டும் உண்டு, அதுதான் எல்லாவற்றிலும் அடம் பிடிக்கிற மெஷின்.

வகைகள்

கியர்பாக்ஸோடு ஓடுகிற வகைதான் பழசு. ஒரே கிளட்ச், மிதித்தால் சக்கரமும் தண்டும் சேர்ந்து நிற்கும். விலை குறைவு, ரிப்பேர் சுலபம், கிராமத்து மெக்கானிக்கே பார்த்துவிடுவார். சேற்று உழவில்தான் இதன் குறை தெரியும். ரொட்டவேட்டர் சேற்றில் அடைத்துத் திணறும்போது நமக்கு வேண்டியது, சக்கரம் நிற்க வேண்டும், பிளேடு மட்டும் சுற்றிச் சேற்றை மென்று தள்ள வேண்டும். இந்த வண்டியில் மிதித்தால் பிளேடும் நின்றுவிடும். திரும்பக் கிளட்சை விட்டால் சக்கரம், பிளேடு இரண்டின் பாரமும் ஒரே நேரத்தில் எஞ்சின் மேல் விழும், எஞ்சின் அணைந்துபோகும். பல பழைய வண்டிகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஹைட்ராலிக் பம்பும் அதே கிளட்சுக்குப் பின்னால்தான் இருக்கும். வரப்பு ஓரம் வந்து கிளட்சை மிதித்தபடி ரொட்டவேட்டரைத் தூக்கப் பார்ப்பீர்கள், அது தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்தது டபுள் கிளட்ச். ஒரே பெடல், இரண்டு கட்டம். பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பி.டி.ஓ சுற்றிக்கொண்டே இருக்கும். முழுசாக மிதித்தால் இரண்டும் நிற்கும். இதை 'லைவ்' பி.டி.ஓ என்பார்கள். கனடாவின் காக்ஷட் 30 டிராக்டர் 1940-களின் பின்பாதியிலேயே லைவ் பி.டி.ஓவோடு வந்தது, அதனால் இது ஒன்றும் நேற்றைய சமாசாரம் இல்லை. நம் மாதிரி வயலும் தோட்டமும் வைத்திருக்கிறவனுக்கு இதுதான் சரியான இடம் என்பது என் முடிவு. இதற்கு மேலே போவது வசதி, கீழே போவது சமாளிப்பு.

மூன்றாவது, தனிக் கிளட்ச் வகை. சக்கரத்துக்கு ஒன்று, பி.டி.ஓவுக்கு ஒன்று. பி.டி.ஓவுக்குத் தனி லிவர் அல்லது பட்டன் இருக்கும், பெரும்பாலும் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும். வண்டி ஓடும்போதே போடலாம், எடுக்கலாம். பேலர் வைத்துக் கூலிக்கு ஓட்டப் போகிறவர் யோசிக்காமல் இதை வாங்கலாம். மற்றவர்கள் ஒன்றை நினைத்துப் பாருங்கள்: உள்ளே தட்டுகள் தேய்ந்தால் நம் ஊரில் அதைப் பிரித்துப் பார்க்கிறவர் எத்தனை பேர்? உதிரி பாகம் ரங்கூனிலிருந்து வர வேண்டும், சில சமயம் எல்லை தாண்டி வர வேண்டும். நடவு அதுவரை காத்துக்கொண்டிருக்காது.

சக்கர வேகத்துக்கு ஏற்பச் சுற்றுகிற ஒரு வகையும் உண்டு, வண்டி பின்னால் போனால் தண்டும் பின்னால் சுற்றும். நமக்கு அதில் வேலை இல்லை. லிவரில் அந்த இடம் இருந்தால், தெரியாமல் அதில் போட்டு ரொட்டவேட்டர் ஓட்டாமல் இருந்தால் சரி.

விலை ஒத்துவராமல் ஒற்றைக் கிளட்ச் வண்டிதான் கிடைக்கிறது என்றால், அதற்காக வேண்டாம் என்று திரும்பி வராதீர்கள். தண்டின் மேல் மாட்டுகிற ஓவர்ரன்னிங் கிளட்ச் என்று ஒரு சின்னச் சாமான் கிடைக்கும். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரிதான்: பெடல் நின்றாலும் சக்கரம் சுற்றும், ஆனால் சக்கரம் பெடலைத் திருப்பாது. என்னை ஓடையில் இறக்கிய கோளாறு இதை மாட்டினால் போய்விடும். அதற்குப் பிறகு அதே வண்டியை நான் நாலு வருஷம் ஓட்டினேன். ஆனால் அது தள்ளுவதை மட்டும்தான் நிறுத்தும், டபுள் கிளட்ச் ஆக்கிவிடாது. மாட்டினால் தண்டு சில அங்குலம் பின்னால் நீளும் என்பதால், இணைப்புத் தண்டின் நீளத்தையும் மறுபடி அளக்க வேண்டும்.

பல்லும் வேகமும்

நாம் பார்க்கப் போகிற வண்டிகளில் அநேகமாக 35 மில்லி மீட்டர், அதாவது 1 3/8 அங்குலக் கனத்தில் ஆறு பல் உள்ள தண்டுதான் இருக்கும். அது நிமிஷத்துக்கு 540 சுற்றுக்கானது. அதே கனத்தில் 21 பல் இருந்தால் அது 1000 சுற்றுக்கு. இன்னும் தடியாக, ஒன்றே முக்கால் அங்குலத்தில் 20 பல் இருந்தால் அதுவும் 1000 சுற்று, பெரிய வண்டிகளுக்கானது. பின்னால் நின்று வண்டியைப் பார்த்தால் கடிகாரம் சுற்றுகிற பக்கம் சுற்ற வேண்டும். முதல் வண்டிக்கு ஆறு பல்லைத் தாண்டிப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரின் மெஷினை ஒருநாள் இரவல் வாங்கி மாட்ட வேண்டுமானால், பல் ஒன்றாக இருக்க வேண்டும் இல்லையா?

ஆறு பல் இருக்கிறது என்பதற்காக 540 மட்டும்தான் சுற்றும் என்று நம்பிவிடவும் கூடாது. ஜப்பானிலிருந்து பழசாக வருகிற குபோட்டா, யன்மார், இசெகி சின்ன வண்டிகள் பலவற்றில் பி.டி.ஓவுக்கே மூன்று நாலு கியர் இருக்கும். கீழ் கியர் 540-க்குப் பக்கத்தில், மேல் கியர் 1000-ஐத் தாண்டும். லிவர் பக்கத்தில் எழுதியிருப்பது ஜப்பான் எழுத்து. போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள், இல்லாவிட்டால் முதல் கியரைத் தவிர எதையும் தொடாதீர்கள். 540-க்குச் செய்த ஸ்லாஷரை 1000-இல் சுற்றினால் வேகம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கத்தியை வெளியே பிய்க்கிற விசை மூன்று மடங்குக்கும் மேல் போய்விடும். கத்தி கழன்றால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மஹிந்திரா, சோனாலிகா மாதிரி இந்திய வண்டிகளில் சிலவற்றில் '540 ஈ' என்று இன்னொரு நிலை இருக்கும். எஞ்சினைக் குறைவாக ஓட்டியே 540 கிடைக்கும், பம்பு மாதிரி லேசான வேலைக்கு டீசல் மிச்சம். ரிவர்ஸ் பி.டி.ஓவும் சிலதில் உண்டு. அடைத்துக்கொண்ட மெஷினைப் பின்னால் சுற்றி விடுவிக்கலாம். இருந்தால் நல்லது. இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க நான் தயாரில்லை.

சரி, குதிரைச் சக்தி. எஞ்சினில் எழுதியிருப்பது முழுசாகப் பின்னால் வராது, சுமார் 85 சதவீதம்தான் தண்டில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 அடி ரொட்டவேட்டருக்கு 35 முதல் 40 குதிரைச் சக்தி வண்டி, 6 அடிக்கு 45 முதல் 50. நம் பக்கத்து ஆழச் சேற்றில் இந்தக் கணக்கின் மேல்பக்கத்திலேயே நில்லுங்கள்.

யார்டில் பார்க்க வேண்டியது

வண்டி பார்க்கப் போகும்போது கையில் மூன்று பொருள் இருக்கட்டும்: கந்தைத் துணி, டார்ச், பழைய ரொட்டவேட்டரிலிருந்து கழற்றிய ஆறு பல் யோக் (பி.டி.ஓ தண்டின் மேல் ஏறி உட்காருகிற இணைப்பு முனை) ஒன்று. மூன்றாவதை இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். விற்கிறவர் முகம் அதைப் பார்த்ததுமே கொஞ்சம் மாறும்.

விலை பேசும்முன், முடிந்தால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதற்கு முன்னால் போய்விடுங்கள். அனுமதி கேட்டு கியர்பாக்ஸின் அடியில் உள்ள டிரெயின் நட்டைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்துங்கள். சேற்றில் உழைத்த வண்டி என்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கலாம். ராத்திரி முழுக்க நின்றதால் தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், எண்ணெய்க்கு முன்னால் அதுதான் சொட்டும். வண்டி ஓடிய பிறகு பார்த்தால் இரண்டும் கலந்து பால் டீ நிறத்தில் இருக்கும். அந்த நிறத்தைப் பார்த்தால் நான் பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அடுத்து, எஞ்சின் அணைந்து சாவி உங்கள் பையில் இருக்கும்போது தண்டைத் துணியால் துடையுங்கள். பல்லின் பக்கவாட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரு படியில் தட்டி நின்றால் பல் தேய்ந்திருக்கிறது. யோக்கை மாட்டி இடமும் வலமும் அசையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. லொடலொட என்றால் தண்டை மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்க வேண்டும். யோக் ஏறவே இல்லை என்றால் பல் வேறு அளவு, இல்லாவிட்டால் யாரோ சுத்தியலால் அடித்துத் தலையை விரித்திருக்கிறார்கள். தண்டைச் சுற்றி எண்ணெய் கசிகிறதா என்றும் பாருங்கள். ஆயில் சீல் மலிவு. ஆனால் புது சீல் போட்ட மறுமாசமே திரும்பக் கசிந்தால் உள்ளே பேரிங் போயிருக்கும்.

இப்போது வண்டியை ஓட்டுங்கள். பின்னால் யாரும் நிற்கக் கூடாது. எஞ்சினை மெதுவாக வைத்து பி.டி.ஓவைப் போட்டு, கீழ் கியரில் நகருங்கள். கிளட்சைப் பாதி மிதியுங்கள். வண்டி நின்று தண்டு சுற்றிக்கொண்டிருந்தால் டபுள் கிளட்ச் வேலை செய்கிறது. இன்னும் மிதியுங்கள், தண்டும் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாகவே நின்றால், ஒன்று அது ஒற்றைக் கிளட்ச், அல்லது டபுள் கிளட்ச் தேய்ந்து சரியாகப் பிரியவில்லை.

விற்கிறவர் இங்கே சொல்கிற வசனம் எனக்கு மனப்பாடம்: "இந்த மாடல் எல்லாமே டபுள் கிளட்ச்தான், அட்ஜஸ்ட் பண்ணினால் போதும்." இருக்கலாம். மாஸி ஃபெர்குசன் 135 மாதிரிப் பேர்போன வண்டியே இரண்டு விதமாகவும் வந்திருக்கிறது. இன்றைய இந்திய வண்டிகளிலும் ஒரே மாடலில் இரண்டும் கிடைக்கும். மாடல் பெயர் எதையும் நிரூபிக்காது, பெடல்தான் சாட்சி. "அட்ஜஸ்ட் பண்ணிவிட்டுச் சொல்லுங்கள், நாளைக்கு வருகிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வாருங்கள். அட்ஜஸ்ட் செய்து சரியாகாத கிளட்சை மாற்ற, வண்டியை நடுவில் இரண்டாகப் பிளக்க வேண்டும். அது ஒரு பெரிய செலவு.

தனிக் கிளட்ச் வகை என்றால் குளிர்ந்த எஞ்சினில் சோதித்து ஏமாறாதீர்கள். எண்ணெய் சூடாகி இளகிய பிறகுதான் வழுக்கல் தெரியும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, ரொட்டவேட்டர் மாட்டி மண்ணில் இறக்கச் சொல்லுங்கள். எஞ்சின் திணறாமல் பிளேடு மட்டும் மெதுவானால் உள்ளே தட்டுகள் வழுக்குகின்றன. காற்றில் சுற்றிக் காட்டுவது எந்த வகைக்குமே சோதனை ஆகாது. பாரத்தில் லிவர் தானாகவே எகிறி வெளியே வருகிறதா என்பதும் மண்ணில் இறக்கினால்தான் தெரியும்.

மீட்டர் செத்துப்போன வண்டி என்றால், தண்டில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி நின்று சுற்று வேகத்தை அளக்கிற சின்ன டாக்கோமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எந்தச் சத்தத்தில் ஓடும்போது 540 வருகிறது என்று ஒருமுறை பிடித்துக்கொண்டால், த்ராட்டில் லிவர் பக்கத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டுவிடலாம்.

எப்போது வாங்குவது என்று கேட்டால், திஞ்சான், அதாவது ஏப்ரலில் வருகிற பர்மியப் புத்தாண்டு, முடிந்த கையோடு ஓடாதீர்கள் என்பேன். மழை இறங்கப் போகிறது என்ற பயத்தில் எல்லாரும் அப்போதுதான் வருவார்கள், சோதித்துப் பார்க்க விற்கிறவருக்கும் பொறுமை இருக்காது.

இணைப்புத் தண்டும் லுங்கியும்

வண்டி வீட்டுக்கு வந்தாச்சு. வண்டியையும் மெஷினையும் இணைக்கிற நீளத் தண்டு ஒன்றுக்குள் ஒன்று சறுக்குகிற இரண்டு குழாயாக இருக்கும். ரொட்டவேட்டரை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, மிகக் குறுகும் இடத்தில் குழாய் முட்டக் கூடாது. மிக நீளும் இடத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். முட்டினால் முதலில் உடைவது தண்டு இல்லை, வண்டியின் பேரிங். இரண்டு முனையிலும் உள்ள யோக் ஒரே வாக்கில் நிற்க வேண்டும், கால்வாசி திரும்பி மாட்டினால் வண்டியே அதிரும். யோக்குகளை இணைக்கிற சிலுவை வடிவக் கிராஸுக்கு வேலை நாளெல்லாம் கிரீஸ். வரப்பில் திரும்ப ரொட்டவேட்டரை உயரத் தூக்கும்போது கடகட என்று சத்தம் வந்தால், அவ்வளவு உயரத்துக்குச் சுற்றிக்கொண்டே தூக்காதீர்கள்.

தண்டைச் சுற்றி மஞ்சளோ கறுப்போ பிளாஸ்டிக் உறை வரும். பழைய வண்டியோடு வருகிற தண்டில் அது அநேகமாக இருக்காது. "கிரீஸ் அடிக்கத் தொல்லையாக இருந்தது, கழற்றிப் போட்டோம்" என்பார்கள். புதுசு வாங்கிப் போடுங்கள்.

நம் ஊரில் வயலுக்குப் போகிறவன் லுங்கிதான் கட்டிக்கொண்டு போவான். 540 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது சுற்று. 7 சென்டிமீட்டர் கனமுள்ள தண்டு ஒரு விநாடியில் இரண்டு மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். உங்கள் லுங்கியின் மொத்தச் சுற்றளவே ஏறக்குறைய அவ்வளவுதான். 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் துணி தீர்ந்துவிடும், அப்புறம் கால். பி.டி.ஓ ஓடுகிற நாளில் கால்சட்டை போடுங்கள், தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து வீட்டில் வையுங்கள். சுற்றுகிற தண்டைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்காதீர்கள், வண்டியைச் சுற்றி நடந்து போங்கள்.

கூலிக்கு ஓட்ட ஆள் வைத்தால் இதையெல்லாம் அவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். நான் ஒரு பழைய கால்சட்டையை டூல்பாக்ஸிலேயே மடித்து வைத்திருக்கிறேன். சாவி அதன் பாக்கெட்டில் இருக்கும். சாவி வேண்டுமானால் முதலில் கால்சட்டையை எடுக்க வேண்டும்.